ராட்டினமும் கறவை நேரமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதும் கடிதம்; அவர் விழுங்கப் பார்ப்பதையும் சேர்த்தே எழுதுவேன். மாடுகள் உட்பட இங்கே எல்லோரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று அப்பா நம்புகிறார், அம்மா நம்பவில்லை.

நம் பண்ணை பொழுதுபோக்குப் பூங்கா ஆன கதையை உன்னோடு வேலை செய்பவர்கள் கேட்கிறார்களாமே. "நான் பல வருஷமா திட்டம் போட்டேன்னு எழுது" என்கிறார் அப்பா. உண்மையில், விடுமுறைக்கு வந்த அத்தை பிள்ளைகளின் தொல்லை தாங்காமல் அவர்களை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிச் சோளக்காட்டைச் சுற்றினார். சாலையில் போனவர்கள் வண்டியை நிறுத்தி எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். சோளம் அந்த வருஷமும் கையை விரித்தது, டிரெய்லர் விரிக்கவில்லை. பிறகு பாசனக் குட்டையில் படகு வந்தது. கோழிக்கொட்டகை பேய்வீடு ஆனது. இருட்டும் நாற்றமும் அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தன. கடைசியில் சோளக்காட்டுக்குக் கான்கிரீட் போட்டு ராட்சத ராட்டினத்தை நிறுத்தினார்கள். இனி அங்கே புல்லும் முளைக்காது. ராட்டினத்துக்கு அனுமதி கிடைக்காவிட்டால் நமக்குப் பண்ணையும் இல்லை, பூங்காவும் இல்லை என்ற நிலை.

அனுமதி தரும் அதிகாரி போன வாரம் வந்தார். அப்பாவோ ராட்டினத்தையும் மாடு மாதிரிதான் நடத்துகிறார். எண்ணெய் விட்டதும் தட்டிக்கொடுப்பார். கிரீச்சிட்டால் "இன்னைக்கு அவளுக்கு உடம்பு சரியில்ல" என்று ஓய்வு கொடுப்பார். அதிகாரியை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்தபோது தொழுவத்தில் மாடுகள் கத்தின. கறவை நேரம். பழக்கதோஷத்தில் லீவரை இழுத்து நிறுத்திவிட்டு, வாளியோடு போயே போய்விட்டார். அதிகாரி உச்சியில் நின்றுபோனார். அம்மா டிக்கெட் கூண்டிலிருந்து ஓடிவந்தும் பயனில்லை, அதுவரை லீவரை அப்பா யாரையும் தொடவிட்டதில்லை. "ஐயா, கறந்தாச்சா?" என்று மேலிருந்து அதிகாரி கேட்டதில் மரியாதை இருந்தது. அப்பா கறந்துவிட்டு வந்து கீழே இறக்கியதும் அந்த மரியாதை போய்விட்டது. "மெஷின் நல்லாத்தான் இருக்கு, ஓட்டுறவர்தான் சரியில்ல. நாளைக்கு இதே நேரம் வர்றேன். லீவர்ல வேற ஆளை நிறுத்துங்க, நீங்க என்கூட மேல உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா உன்னைக் கூப்பிடலாம் என்றார். "அவன் பொழப்பை விட்டுட்டு ஓடிவரணுமா? நான் நிக்கிறேன்" என்றாள் அம்மா. மறுநாள் காலை முழுக்கக் காலி இருக்கைகளைச் சுற்றவிட்டுப் பழகினாள். சாயங்காலம் அதிகாரியும் அப்பாவும் உச்சிக்குப் போன நேரம் பார்த்து மாடுகள் கத்தின. "காது கேக்கலையா உனக்கு? நிறுத்து, பால் கட்டிக்கும்" என்று அப்பா மேலிருந்து கூப்பாடு போட்டார். "கேக்குது. வாயை மூடிட்டு உக்காருங்க" என்ற அம்மா, லீவரிலிருந்து கையை எடுக்காமல், சுற்று முழுவதையும் முடித்து அவர்களைப் பூப்போல இறக்கினாள். அதிகாரி அங்கேயே கையெழுத்துப் போட்டார். இனி ராட்டினத்தை ஓட்டும் பொறுப்பு அம்மாவுக்கு மட்டும்தான். "கையெழுத்தை மட்டும் எழுது, மத்ததை விடு" என்கிறார் அப்பா.

நோய்நொடி அண்டாமல் நீ நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறார்கள். அங்கே எந்த ராட்டினத்தில் ஏறினாலும், ஓட்டுபவர் மாடு வைத்திருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு ஏறு.

இப்படிக்கு,
சொன்ன அப்பா, எழுதிய தங்கை.

பின்குறிப்பு: இந்த ஏற்பாடு தற்காலிகம்தான், அடுத்த வாரமே லீவரைத் தானே வாங்கிக்கொள்ளப்போவதாக எழுதச் சொல்கிறார் அப்பா. கேட்டுக்கொண்டிருந்த அம்மா, பதிலுக்கு ராட்டினத்தின் விளக்குகளை அணைத்துவிட்டாள்.