படகில் ஆள் வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் பட்டறையில் ஒரு போர்க்கப்பலின் சிறிய மாதிரி செய்தோம். கப்பலைச் செய்தது முதலாளி, கடல் என்னுடையது. ரெசின் என்ற கண்ணாடி போன்ற பிசினை ஊற்றி அலை எழுப்பி, பஞ்சால் நுரை வைத்தேன். அதை வாங்க வந்த கடற்படை அதிகாரி, "பக்கத்துல ஒரு மீன்பிடிப் படகு வைப்பா. அப்பதான் கப்பல் எவ்வளவு பெருசுன்னு தெரியும்" என்றார். வைத்தேன். அண்ணன் வழக்கமாக நிற்கும் பின்பக்கத்தில் ஓர் ஆளையும் நிறுத்தினேன்.

"ஆளெல்லாம் எதுக்கு? எடுத்துடு" என்றார் அதிகாரி.

"ஆளில்லாம படகு எப்படி சார் நடுக்கடலுக்கு வரும்?" என்று கேட்டுவிட்டேன். முதலாளி என் காலை மிதித்தார்.

அந்த ஆளை இடுக்கியால் பிடுங்கியபோது பாதங்கள் மட்டும் படகிலேயே ஒட்டிக்கொண்டன. அவற்றையும் சுரண்டச் சொன்னார்கள். சுரண்டினேன். அண்ணன் படகை இடித்துவிட்டுப் போன கப்பல்காரர்களும் விசாரணையில், "படகுல யாருமே இல்ல" என்றுதானே சொன்னார்கள்?

வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதீர்கள். இங்கே குளிர் அதிகம். அண்ணனின் கம்பளிச் சட்டை பெட்டியில் இருந்தால் அனுப்புங்கள். எனக்குப் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை.

முதலாளி கூப்பிடுகிறார். அண்ணியிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம், நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்
சின்னவன்