வேன் சாவி ஆணியில்தான் இருக்கிறது

என்னங்க,

டீ பிளாஸ்கில் இருக்கிறது. முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். கோபத்தில் சாப்பிடாமல் போகாதீர்கள்.

தைத்த துணியைச் செக்கிங் பண்ணுகிற, மாசமாக இருக்கிற பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினார்கள் இல்லையா, அதற்காகத் தையல் பிரிவுப் பெண்கள் எல்லோரும் இன்று கம்பெனி கேட்டை மறித்து உட்காருகிறோம். எங்களுக்குப் பதிலாகப் புது ஆட்களை ஏற்றி வரப்போவது உங்கள் வேன் என்று நேற்று சாப்பிடும்போதுதான் சொன்னீர்கள். "என்னை என்ன பண்ணச் சொல்ற, ஓட்டச் சொன்னா ஓட்டணும்" என்றீர்கள்.

காலையில் வேன் சாவியை எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்குள் ஒளித்தேன். மனசு கேட்கவில்லை, மறுபடி ஆணியிலேயே மாட்டிவிட்டேன். சர்க்கரை ஒட்டியிருந்தால் துடைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கேட்டில் என்னை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள், அதற்கும் தலையாட்டியிருக்கிறேன். நீங்கள் வர வேண்டுமா, வரக்கூடாதா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை.

வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள். சின்னவள் மத்தியானமே வந்துவிடுவாள்.

இன்னொன்று. வந்தால் ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள். தினமும் அந்தச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து நம் வீட்டு கேட்டைத் திறந்து பழகிய கால் இது. அங்கேயும் என்னைக் கேட்காமல் எழுந்து உங்களுக்கு வழிவிட்டுவிடும்.