வலிக்கு எத்தனை மார்க்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கூடப்பிறந்த தம்பியின் மனைவி எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமில்லை என்று உங்கள் மருமகள் நேற்றே போனில் சொல்லிவிட்டாள். நெஞ்சுக்குக் கீழே எரிகிறதாம், மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், அவ்வளவு பெரிய தேசத்து ஆஸ்பத்திரிக்குப் போய் என் தம்பி என்ன ஆனான், நான் எதற்கு வரவேண்டும் என்று கேட்கிறீர்களாம். நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கோபம் இருந்தாலும் கடைசி வரைக்கும் படித்துவிடுங்கள்.

அவர் போனபோது, அங்கே என்னதான் நடந்தது என்று கேட்டீர்கள். எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் அலுப்பாகத்தான் இருக்கிறது. அவர் வேலை பார்த்த அதே சலவைக்கூடத்தில்தான் நானும் இருக்கிறேன். ஓட்டல் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவர் பிடித்த முனையை இப்போது யார் யாரோ பிடிக்கிறார்கள். சாயங்காலம் அறைக்கு வந்தால் சமைக்கத் தோன்றுவதில்லை. ஏதோ சாப்பிடுகிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரர், அண்ணனுக்குக் காய்ச்சல் முற்றியபோது நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு நாம் குடும்பத்தோடு போனது நினைவிருக்கிறதா? சீட்டுக்கு ஒரு வரிசை, ஊசி வாங்க வெளியே மருந்துக் கடை, கட்டிலுக்கு வார்டு பாயிடம் கெஞ்சல். நீங்கள் வராந்தாவில் நின்று போட்ட சத்தத்தில் டாக்டரே எழுந்து வந்து, ஏம்மா, இது ஆஸ்பத்திரியா சந்தையா என்று திட்டினார். திட்டிக்கொண்டே அண்ணன் கண்ணை இழுத்துப் பார்த்தார். நீங்கள் அடங்கவே இல்லை. அண்ணன் பிழைத்தார்.

இங்கே அப்படி இல்லை அண்ணி. தரையில் முகம் பார்க்கலாம். போனதும் காசு கேட்பதில்லை. கூட ஒருவர்தான் வரலாம். யாரும் குரலை உயர்த்துவதில்லை. முதலில் வந்தவரை முதலில் பார்ப்பதும் கிடையாது. யாருக்கு அதிகம் முடியவில்லையோ அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நல்ல முறைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு முடியவில்லை என்று நோயாளிதான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நமக்குப் பாஷை தெரியாது என்று நர்ஸ் ஒரு போனைக் கொடுத்தாள். அதில் ஒரு பெண் நம் பேச்சில் கேட்டாள், எங்கே வலிக்கிறது, பத்துக்கு எவ்வளவு இருக்கும் என்று.

அவர் நெஞ்சு என்று சொல்லவே இல்லை. வாயுப் பிடிப்பு, மேல் வயிறு என்றார். பத்துக்கு எவ்வளவு என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பள்ளிக்கூடத்திலேயே பத்துக்கு மூணுதான் வாங்கினேன், இங்க மட்டும் எப்படிக் கூட வாங்குறது? மூணே போட்டுக்கச் சொல்லும்மா" என்றார். போனில் அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். பிறகு மூன்று என்று நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் அதை எழுதிக்கொண்டாள்.

வலி கூடினால் உடனே வந்து சொல்லுங்கள் என்று அக்கறையாகத்தான் சொன்னார்கள். சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது. போய்ச் சொல்வோம் என்றேன். அவங்க வேலையா இருக்காங்க, சும்மா போய் நச்சரிக்காதே என்றார். குழந்தையோடு ஒருத்தி நிற்கிறாள் என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். சுவரோரம் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்தார். முந்தின நாள் இரண்டு ஷிப்ட் பார்த்த மனிதர், தூங்கட்டும் என்று நான் அசையாமல் இருந்தேன்.

அவர் பெயரைக் கூப்பிட்டபோதுதான் எழுப்பினேன்.

அப்புறம் எத்தனை பேர் ஓடி வந்தார்கள் தெரியுமா. செய்யாதது ஒன்றும் இல்லை. டாக்டர் என் எதிரில் தரையில் உட்கார்ந்து, அதே மாதிரி போனில் ஆள் வைத்துப் பேசினார். இருதயம்தான், வயிறு இல்லை என்றார். முதலில் வலியை எவ்வளவு என்று சொன்னார் என்று கேட்டார். மூன்று என்றேன். 

எந்த ஊர் வைத்தியம் உசத்தி என்று இங்கே கூட வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கே இருந்திருந்தால் நீங்கள் அவரைப் பேச விட்டிருக்க மாட்டீர்கள், அது மட்டும் தெரியும்.

உங்களுக்கும் வாயுதான், சோடா குடித்து ஏப்பம் விட்டால் சரியாகிவிடும் என்கிறீர்களாம். அவரும் ஏப்பத்துக்குத்தான் காத்திருந்தார், அண்ணி. உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே உடம்பு, ஒரே வீம்பு. ஊருக்கெல்லாம் சத்தம் போடுவீர்கள், உங்களுக்கு என்றால் ஒன்றுமில்லை என்பீர்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே மருமகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தம்பி மாரடைப்பு வந்து போனான் என்று முதலிலேயே சொல்லுங்கள். எரிகிறது என்றால் எரிகிறது என்று சொல்லுங்கள், கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள். பார்க்காவிட்டால் வராந்தாவில் நின்று கத்துங்கள். அவர்கள் திட்டினால் திட்டட்டும்.

என் மேல் உள்ள கோபத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவரை டேய் என்று கூப்பிட்டவர்களில் இனி நீங்கள் ஒருவர்தான் மிச்சம்.

இப்படிக்கு, உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளும்,
தம்பி மனைவி