உன் அப்பா வீடு காட்டிய அழகு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், எல்லோரும் என்றால் நானும் உன் அப்பாவும், அதிலும் அவருடைய இடது முழங்காலைச் சேர்க்காதே. நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன், போனில் கேட்டால் நல்லாத்தான் இருக்கேன்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன் என்கிறாய், அந்த அப்புறம் வருவதற்குள் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் வைக்க முடியாது.

வீட்டு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். இரண்டு வருஷ ஒப்பந்தம், அதில் பத்து மாதம் பாக்கி இருந்தது. வீட்டை வீடியோவிலேயே பார்த்துவிட்டு, ஜன்னல்ல மரம் தெரியுதும்மா, இதையே எடுத்துடுங்க, நான் வந்து உட்கார்ந்து வேலை பார்க்க எனக்குன்னு தனியா ஒரு ரூம் வேணும் என்று சொன்னது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. மரம் நன்றாகத்தான் தெரிந்தது. லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் படுத்துக்கொள்ளும் என்பதுதான் வீடியோவில் தெரியவில்லை. நாலு மாடியும் ஏறி வருவதற்குள் உன் அப்பா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, யாராவது பார்த்தால் சுவரை ஆராய்கிற மாதிரி பாவனை செய்வார். போன மாதம் இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார், கீழ்வீட்டுப் பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்குத்தான் இனி இந்த வீடு வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அடுத்த தெருவிலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. சொந்தக்காரி ஒரு நர்ஸம்மா, பதினைந்தாம் தேதிவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னாள். அவளுக்குக் கொடுக்க வேண்டிய முன்பணம், மாடி வீட்டு முன்பணம் கைக்கு வந்தால்தான். ஒப்பந்தப்படி பாதியில் காலி செய்தால் மூன்று மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள், நாமே வேறு ஆளைப் பார்த்துக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். நம் வீட்டுக்காரரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. லிஃப்ட் எப்போது ஓடும் என்றால் பார்க்கலாம், குளியலறைச் சுவர் ஊறுகிறது என்றால் பார்க்கலாம், கட்டடத்தில் அவருக்குப் பெயரே பார்க்கலாம் என்றுதான். வாடகை ஒருநாள் தள்ளினால் மட்டும் மனுஷனுக்கு அந்த வார்த்தை வாயில் வராது.

சரி, ஆள் பிடிப்போம் என்று எழுதுபொருள் கடையில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாளே பேங்கில் வேலை பார்ப்பவர் மனைவியோடு வந்தார். நான் டீ போடப் போனேன், நீங்க வீட்டைச் சுத்திக் காட்டுங்க என்று உன் அப்பாவிடம் சொன்னேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். முப்பத்தோரு வருஷம் டைல்ஸ் கம்பெனியில் விளக்குக்கு அடியில் உட்கார்ந்து, கீறல் விழுந்ததையும் ஓரம் உடைந்து மூளி ஆனதையும் பார்த்து சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கிய மனுஷனிடம் போய் வீட்டைக் காட்டச் சொன்னேன் பார். டீயோடு வந்தால் இவர் கூடத்தில் குனிந்து தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டீங்களா சத்தம், இங்க அடியில கலவையே இல்ல, இன்னும் ஒரு வருஷத்துல தூக்கிக்கும் என்று விளக்கம். சட்டைப்பையில் எப்போதும் கிடக்கிற சாக்பீஸை எடுத்து வட்டம் வேறு. குளியலறையில் ஒரு குவளை தண்ணீரை ஊற்றி, பாருங்க, ஜலதாரைப் பக்கம் போகாம வாசல் பக்கம் வருது என்று செய்முறை காட்டினார். வந்தவர்கள் டீயைக்கூடக் குடிக்கவில்லை, போன் பண்றோம் என்று போனார்கள், இன்னும் பண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.

அடுத்து வந்த புதுமணத் தம்பதியை லிஃப்ட் ஓடுகிற நாளாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தேன். இவர் கீழேயே போய் நின்று, இன்னைக்கு ஓடுறதை நம்பாதீங்க, படியில ஏறிப் பாருங்க என்று நடத்தியே கூட்டி வந்தார். மூன்றாவதாக ஒரு பல் டாக்டர், அவருக்கு வீடு பிடித்தே விட்டது, டோக்கன் பணத்தைக் கையில் எடுத்துவிட்டார். இவர் அந்தக் கையைப் பிடித்து, இருங்க சார், ஒரு மழை பெய்யட்டும், அப்ப வந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க என்கிறார்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுதே விட்டேன். வீட்டைக் காட்டச் சொன்னா குத்தத்தைக் காட்டறீங்களே, உங்க முழங்காலுக்காகத்தானே இவ்வளவும் என்றேன். தெரிஞ்சே மூளிச் சரக்கை நல்ல சரக்குன்னு தள்ளிவிடச் சொல்றியா என்றார். இதே கையால் சம்பளம் வாங்கித்தான் உன்னைப் படிக்க வைத்தார், என்ன சொல்ல. பதினைந்தாம் தேதிக்கு நாலு நாள்தான் இருந்தது.

இந்த நேரத்தில் நம் ‘பார்க்கலாம்’ வீட்டுக்காரர் தானாகவே ஒரு பெரிய குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது, நம்மிடம் வாங்கும் வாடகையோடு இன்னும் கால் பங்கு கூட்டிச் சொல்லியிருக்கிறார். ஆளை நாம் பிடிக்கவில்லை என்று நம் மூன்று மாதத்தையும் விழுங்கிவிடலாம், புதிதாக வருபவனிடமும் கூடுதலாகக் கறந்துவிடலாம். எப்படி மூளை. ஆனால் உன் அப்பா வீட்டில் இருப்பார் என்பதை அவர் யோசிக்கவில்லை. இவர் வாங்க வாங்க என்று எழுந்தார், கையில் சாக்பீஸ். நான் தடுக்கவில்லை, ஒரு குவளையில் தண்ணீர் பிடித்து வந்து நானே கொடுத்தேன். கால் மணி நேரத்தில் அந்தக் குடும்பம் படியிறங்கிவிட்டது. வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் மெதுவாகச் சொன்னேன், எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க, ஒப்பந்தம் இன்னும் பத்து மாசம் இருக்கு, பழைய வாடகையிலேயே இருந்துக்கறோம், நீங்க எத்தனை பேரை வேணும்னாலும் கூட்டிட்டு வாங்க, இவர் எப்பவும் வீட்லதான் இருப்பாரு, பொறுமையா காட்டுவாரு என்று. பதினைந்தாம் தேதியைப் பற்றி மூச்சு விடவில்லை. மறுநாள் காலை முன்பணம் முழுசாக வந்தது, ஒரு பைசா பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும், சாக்பீஸ் வட்டத்தையெல்லாம் அழித்துவிட்டுப் போக வேண்டும், இவ்வளவுதான் நிபந்தனை. ஆகவே, மூணு மாச வாடகைதானே, போனா போகுதும்மா, நான் அனுப்பறேன் என்றாயே, அந்தப் பணத்தை நீயே வைத்துக்கொள். நர்ஸம்மாவுக்குக் கொடுத்தாகிவிட்டது, இப்போது அந்த வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

வட்டங்களை அழித்தது நான்தான், உன் அப்பாவால் குனிய முடியவில்லை, மனசும் வரவில்லை. ஈரத்துணியோடு அறை அறையாகப் போனேன். கூடத்தில் பதினாலு, சமையலறையில் ஒன்பது, எங்கள் அறையில் ஆறு, குளியலறையில் எண்ணவில்லை. உன் அறையில் ஒன்றுகூட இல்லை. மறந்துவிட்டார் போல என்று நினைத்து, அந்த ரூமைப் பார்க்கலையா என்று கேட்டேன். நாலு தடவை பார்த்தேன், ஒரு கீறல் இல்ல, ஆணி அடிச்ச ஓட்டைகூட இல்ல, யாராவது இருந்திருந்தாத்தானே என்றார். சொல்லிவிட்டு, அங்கே மூட்டை கட்ட ஒன்றுமே இல்லாவிட்டாலும், சாமான் கட்டுகிற கயிற்றை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள்ளேயே போய் நின்றார். இதையும் எழுதிவிடுகிறேன், உனக்குத் தெரியட்டும்.

புது வீட்டில் ஒரே ஓர் அறைதான், உனக்கென்று தனியாக ஒன்றும் எடுக்கவில்லை. நீ வந்தால் கூடத்தில்தான் படுக்க வேண்டும், காலையில் அப்பா உன் காலில் தடுக்கிவிட்டுத் திட்டுவார், திட்டட்டும். வேளைக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. வருகிற தேதியை மறக்காமல் எழுது. வந்து இந்தச் சுவரில் நாலு ஆணியாவது அடித்துவிட்டுப் போ, பிடித்தால் பிடிக்கட்டும் முன்பணத்தில்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டாமல் ஒரு கடிதம் எழுதத் தெரியாத
அம்மா