உறுமிய மோட்டாரும் ஒரு வரி பாக்கியும்

நம் பேத்தியின் தாத்தாவுக்கு, உங்கள் மனைவியின் வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பயப்பட ஒன்றுமில்லை, சிரித்துக்கொண்டே படியுங்கள். திங்கட்கிழமை இங்கே நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் என் மெஷின் உறுமியது, ஆனால் சுற்றவில்லை. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"துணிய அமுக்கி அடைச்சு மோட்டாரையே எரிச்சுட்டீங்களே! நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம்."

சுவிட்சை அணைத்து, டிரம்மைக் கையால் சுற்றிக் காட்டினேன்.

"லேசா சுத்துது பாருங்க சார். எரிஞ்சிருந்தா கருகுன வாடை வருமே? மோட்டாரை முதல்ல தள்ளிவிடுற கண்டென்சர்தான் போயிருக்கும். அதை மாத்திப் பாத்துட்டு என்னை அனுப்புங்க."

எலக்ட்ரீஷியன் மாற்றினார், மெஷின் ஓடியது. "எங்க கத்துக்கிட்டீங்கம்மா?" என்று கேட்டார். உங்களிடம் திட்டு வாங்கித்தான் என்று சொல்லவில்லை.

பதினெட்டு வருஷத்துக்கு முன் நம் கிணற்று மோட்டாரும் இப்படித்தான் உறுமியது. நான் எரித்துவிட்டதாக உங்கள் அக்கா முன்னால் கத்தினீர்கள். மெக்கானிக் கண்டென்சரை மாற்றியதும் தண்ணீர் வந்தது. உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சூப்பர்வைசரோ அன்றே எல்லார் முன்னாலும், "தப்பு என்மேலதாம்மா" என்றார். வேலையும் நிலைத்தது, மனசும் நிறைந்தது.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், வீட்டு வாசனையோடு வரட்டும். அதனுள் உங்கள் கையெழுத்தில் ஒரு வரியும் வையுங்கள். என்ன வரி என்று உங்களுக்கே தெரியும். மணி அடித்துவிட்டது, போகிறேன். உங்கள் அக்காவிடம் அந்த வரியை வாசித்துக் காட்டிவிட்டுப் பார்சலை ஒட்டுங்கள்.