அக்காவிடம் கொடுத்த குட்டி

ஜூன் 15, 1998. திங்கள்
காலையிலிருந்து தூறல். அடுகோடி லேத் பட்டறைக்குள் நுழைந்ததுமே நாற்றம். பட்டறை நாய் ராணியின் குட்டிகளில் ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்றுக்கு வாந்தி, ரத்தப் பேதி. சாக்கில் சுற்றி மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பார்வோ வைரஸாம். தடுப்பூசி போட்டிருக்க வேண்டுமாம். போடவில்லை. கூட இருந்த குட்டிகளுக்கும் வரலாம், செருப்பில் ஒட்டிக்கொண்டுகூடப் பரவும் என்றார் டாக்டர். வெளியே யாருக்காவது குட்டி கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"இல்ல சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

போன வியாழன்தான் ஒக்கலிபுரத்தில் அக்காவிடம் ஒன்றைக் கொடுத்தேன். அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மாப்பிள்ளை நாகராஜ் கன்னடக்காரர், வேறு ஜாதி. இரண்டு வருஷம் பேச்சில்லை. குட்டியைச் சாக்காக வைத்துத்தான் அந்த வாசலையே மிதித்தேன். அக்கா சிரித்தாள்.

16, செவ்வாய்
ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன குட்டியும் போய்விட்டது. வாங்க வேண்டியவை: ப்ளீச்சிங் பவுடர், பக்கெட், புதுச் செருப்பு.
சாயங்காலம் ஒக்கலிபுரம். தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். வாசலில் குட்டி அக்காவின் முந்தானையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நன்றாகத்தானே இருக்கிறது? சொல்லாமலே பஸ் ஏறினேன். கோழை.

17, புதன்
பட்டறைக்கு அக்காவின் போன். "சேகர், தண்ணி குடிச்சாலும் வாந்தி எடுக்குதுடா. அதுக்கு என்ன ஆச்சு?"
அரை நாள் லீவு. ஆட்டோ. நாகராஜ் குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். உட்காராமலே சொல்லிவிட்டேன்.
"திங்கக்கிழமையே எனக்குத் தெரியும். நேத்து தெருமுனை வரைக்கும் வந்தேன். சொல்லாம போயிட்டேன்."
அக்கா குனிந்து குட்டியின் வாயைத் துடைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. நாகராஜ்தான் எழுந்தார். "அதெல்லாம் ஆமேல, அப்புறம் பேசலாம். முதல்ல டாக்டர்."
அதே டாக்டர். அவரிடமும் உண்மையைச் சொன்னேன். டிரிப் ஏற்ற நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தினார். வைரஸைக் கொல்ல மருந்து இல்லையாம். உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளலாம். மீதி குட்டி பாடு.

18, வியாழன்
மறுபடி டிரிப். ஸ்டாண்டு காலி இல்லை. நாகராஜ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்றார். கேட்டு வாங்கி நானும் பிடித்தேன். கை மரத்துப்போனது. அவர் என்னிடம் குட்டியைப் பற்றி மட்டுமே பேசினார்.

19, வெள்ளி
வெயில். குட்டியின் காதெல்லாம் சில்லென்று. இன்று தாண்டினால்தான் என்றார் டாக்டர். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "முன்னாடியே சொல்லியிருந்தா செவ்வாக்கிழமையே கூட்டிட்டு வந்திருப்பேன்."
"ஆமாக்கா."


20, சனி
காலையிலிருந்து வாந்தி இல்லை. இரண்டு ஸ்பூன் கஞ்சித் தண்ணீர். தங்கியது.

21, ஞாயிறு
தானாக எழுந்து நின்றது. கால்கள் ஆடின. பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். அக்கா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.
அக்கா வீட்டுக்கு வந்து நானும் நாகராஜும் வாசலை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு குட்டி வாங்கியிருக்கிறார்களாம், அந்த வீட்டுப் பெண் அதை நம் வாசலில்தான் விளையாட விடுவாளாம். நாகராஜ் சொன்னதும் கை நின்றுவிட்டது.
"நான் சொல்லிட்டு வரட்டுமா?" என்றார்.
"வேணாம் மாமா, நானே போறேன்."
கையைக்கூடக் கழுவாமல் போய்க் கதவைத் தட்டினேன்.