ஸ்ட்ரெதம் தியேட்டரில் உன் அம்மாவைக் கண்டேன்

யேசு மரி சூசை துணை

தோர்ண்டன் ஹீத்
ஜூன் 14

அன்புள்ள மகள் மரினாவுக்கு,

முழங்கால் நோவைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை, வெலிங்டன் குளிரில் நீயும் சுகமாய் இருக்க வேண்டுமென்று காலைச் செபத்திலும் மாலைச் செபத்திலும் கேட்டுக்கொள்கிறேன். மூன்று ஞாயிறு நீ அழைத்தும் நான் எடுக்கவில்லை. போன் பழுது என்று செய்தி அனுப்பினேன். அது பொய், மகள். போனில் சொன்னால் நீ அங்கே தனிய இருந்து பயப்படுவாய் என்றுதான் எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, ஆறுதலாக இருந்து வாசி.

றூபன் சுவாமி எங்கள் கோயில் பங்கில் படம் பார்க்கிற கூட்டம் ஒன்று நடத்துகிறார் என்று முன்பே சொன்னேன்தானே. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, பங்கு மண்டபத்தில் இருந்து, அதில் எங்கள் விசுவாசத்துக்கு என்ன இருக்கிறது என்று கதைப்போம். உன் அம்மா கண்மூடிய பிறகு சனிக்கிழமைப் பின்னேரங்களைப் போக்காட்டுவது பெரும்பாடாக இருந்தது, அதனால்தான் நான் சேர்ந்தேன், கதிரை அடுக்குகிற வேலையும் என்னுடையதாகிவிட்டது. போன மாதம் உன் படம் தியேட்டருக்கு வந்தது. பூதமும் மாயமந்திரமும் வருகிற கதைக்குக் கோயில் சனத்தைக் கூட்டிப் போகலாமா என்று சிலர் தயங்கினார்கள், நான்தான் விடவில்லை. அந்தப் பூதம் எப்படி நடக்க வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்று கம்பியூட்டரில் செய்தவள் என் மகள், முடிவில் பெயர் வரும் பாருங்கள் என்று எல்லோரிடமும் பெருமை பேசினேன். ஒன்பது பேர் 250ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் போனோம். அம்மாவோடு பாடகர் குழுவில் பாடிய சுசிலா அன்ரி கைப்பைக்குள் தின்ன ரோல்ஸ் ஒளித்துக் கொண்டுவந்தார். கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரித்தான் இருந்தது.

மலையிலிருந்து பூதம் முதல் தரம் ஊருக்குள் இறங்குகிற இடம் வந்தது. இடது காலை இழுத்து, ஊன்றுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, பிறகு உடம்பை வலப்பக்கம் சாய்த்து நடந்தது. அது எனக்குத் தெரிந்த நடை. அடுத்ததாக அது விளங்காத இடது கையை வலது கையால் தூக்கி, இடுப்பிலே இருந்த தோல் மடிப்புக்குள் வைத்தது. பாரிசவாதம் வந்த பிறகு அம்மா அந்தக் கையை அப்படித்தானே தூக்கிக் கார்டிகன் பொக்கற்றுக்குள் வைப்பார், தொங்கி ஆடக்கூடாதென்று. படத்திலே ஊர்ச்சனம் கல்லெறிந்தது, சிறுவர்கள் அந்த நடையைப் பழித்துக் காட்டினார்கள், எங்களுக்கு முன்னால் இருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். உன் பெயர் வரும்வரை என்னால் இருக்க முடியவில்லை, எழுந்து வெளியே போய் நின்றேன். பிறகு மண்டபத்தில் சுசிலா அன்ரி, கொம்பு வைத்த பிசாசை முகம் கொடுத்துப் பார்க்க முடியவில்லை, இதையெல்லாம் செபத்தோடு சேர்க்கலாமா என்று படபடத்தார். பெற்ற தகப்பன் என்ன சொல்கிறார் கேட்போம் என்று சுவாமி என் பக்கம் திரும்பினார். வயிற்றுக்குள் ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கதிரைகளை அப்படியே விட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பெற்ற தாயைப் பூதமாக்கிக் கல்லெறிய வைத்துவிட்டாளே என்ற ஒரே நினைவுதான். அந்தக் கோபத்தில்தான் போனை எடுக்கவில்லை.

வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ரேடியோவைப் போட்டால் சத்தம், நிற்பாட்டினால் அதைவிடச் சத்தம். பத்து நாள் கழித்து றூபன் சுவாமி தேடி வந்தார். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புத்தி ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, “மகளிட்டை இதைக் கேட்டனீங்களோ?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் போன பிறகு சுவரில் இருக்கிற, சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் செதுக்கியவன் எங்கேயோ ஒரு மனிதன் சாகிறதைக் கிட்ட நின்று பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த விலா எலும்பு இப்படி வராது. அதற்கு முன்னால்தான் நாற்பது வருடமாக முழந்தாளிடுகிறேன், செதுக்கியவன் செய்தது பாவம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

அடுத்த செவ்வாய் மத்தியானம் தனியப் போனேன். பெரிய தியேட்டருக்குள் நான்கு பேர் இருந்தோம். இந்தத் தரம் முழுக்கப் பார்த்தேன். கல் பட்டதும் அது நிற்கிறது, அவசரப்படாமல் கையைத் தூக்கி மடிப்புக்குள் வைக்கிறது, பிறகுதான் அடுத்த அடி. அவ்வளவு நேரமும் நீ அதை விட்டு வேறெதையும் காட்டவில்லை. அப்போதுதான் எனக்கு நீ இங்கே நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அம்மா நற்கருணை வாங்க நடுப்பாதையில் நடக்கிறார், பின்னால் வரிசை முழுக்கக் காத்து நிற்கிறது, நீ மட்டும் அவருடைய வேகத்துக்கே பின்னால் நடக்கிறாய். நான் வாங்குப் பலகையிலேயே இருந்து தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் மகள். அடுத்த கிழமை, படி ஏறுவது அவருக்குக் கஷ்டம் என்று சுவாமியிடம் சொல்லி நற்கருணையை வீட்டுக்கு வரவழைத்தது நான்தான். அம்மாவுக்குக் கோயிலுக்குப் போக ஆசை இருந்தது. விழாக்களில் வீடியோ எடுக்க வந்தால், கதிரையில் இருக்கும்போது எடுங்கோ என்று சொன்னதும் நான்தான். அதனால் அவர் நடக்கிற ஒரு துண்டுகூட இந்த வீட்டில் இல்லை. உன்மேல் வந்த கோபமெல்லாம் இந்த இடத்திலிருந்து வந்ததுதான். என்னை மன்னித்துக்கொள். அம்மாவிடம் கேட்கக் காலம் போய்விட்டது, உன்னிடம் கேட்கிறேன்.

வியாழக்கிழமை மூன்றாம் தரமும் போனேன். வெள்ளிக்கிழமை போனபோது வேறு படம் மாற்றியிருந்தார்கள். பஸ் வரும்வரை ஸ்ட்ரெதத்தில் மழைக்குள் நின்றது, அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளைப் போலவே இருந்தது.

நேற்றுக் கூட்டத்தில் எழுந்து நின்று, போன படத்தில் வந்தது என் மனுசி அஞ்சலீனாவின் நடை என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். அவரைக் கோயிலுக்கு வராமல் நான் மறித்ததையும் சொன்னேன். பிறகு சுசிலா அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “ஓம் அண்ணை, அந்தக் கையை வைக்கேக்கையே எனக்குத் தெரிஞ்சிட்டுது. உங்களுக்குச் சொல்லப் பயந்துதான் பிசாசு எண்டு கத்தினனான்” என்றார். அவர் கடைசி வரைக்கும் வந்து அம்மாவுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டவர்தானே. நாங்கள் இரண்டு பேரும் மூன்று கிழமையாக ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் ஒளித்திருக்கிறோம். பிறகு சேர்ந்து கதிரை அடுக்கினோம்.

அந்த நடையைச் செய்யும்போது உனக்குப் பக்கத்தில் யாராவது இருந்தார்களா, மகள்? எத்தனை நாள் திரும்பத் திரும்ப அதைப் பார்த்திருப்பாய். செத்தவீட்டுக்கு வந்து ஆறு நாளில் திரும்பிப் போனாய், ஒரு நாளும் அழுததைக் காணவில்லை, பிள்ளைக்கு மனம் கல் என்று நானும் நினைத்துவிட்டேன். பூசைக்குப் போகிறாயா என்று இனிக் கேட்கமாட்டேன், போனால் சந்தோசம். காலுக்குத் தடித்த கம்பளி மேஸ் போடு, இரும்புச்சத்துக் குளிசையை விடாதே. மாதாவின் காவலும் அம்மாவின் ஆசீரும் உன்னை விட்டு நீங்காதிருக்கட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த ஞாயிறு, எனக்குக் காலை எட்டு, உனக்கு இரவுச் சாப்பாட்டு நேரம், ஒருக்கால் அழை. நான் பேசாமல் இருந்தால் வைத்துவிடாதே, கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புள்ள அப்பா,
செபமாலைமுத்து